வாசகர் கேள்வி: கர்ப்பிணியிடம் கண்ட கிருமிக்கு மரபணு வகை பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது 36ஆவது வாரம். புதுச்சேரியில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்த பரிசோதனையில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதாக வந்திருக்கிறது. அந்தக் கிருமியில் ஒரு வகை குழந்தைக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் என்று படித்ததிலிருந்து உறக்கமில்லை. என்னிடம் இருப்பது எந்த வகை என்று மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் பிரசவத்துக்கு அந்தச் சோதனை தேவையில்லை. எந்த வகையாக இருந்தாலும் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: வலி தொடங்கியதும் நரம்பு வழியே செலுத்தும் பென்சிலின் அல்லது ஆம்பிசிலின்.

நீங்கள் படித்தது பொய்யன்று. இக்கிருமியின் மேலுறையாக அமைந்த சர்க்கரைப் பொருளைக் கொண்டு 1ஏ, 1பி, 2 முதல் 9 வரை எனப் பத்து வகைகளாகப் பிரிக்கிறார்கள். முன்பு எதிர்ப்பொருள் கலந்த நீர்மத்தில் கிருமி ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறதா என்று பார்த்து வகை சொன்னார்கள்; இப்போது அந்த உறையை உருவாக்கும் மரபணுக்களையே பி.சி.ஆர். முறையில் தேடுகிறார்கள். இன்னும் நுட்பமாக, ஏழு மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டுக் கிருமியின் வம்சத்துக்கு ஓர் எண் தருவதும் உண்டு. அப்படி 17 என்ற எண் பெற்ற வம்சம் பெரும்பாலும் 3ஆம் வகை உறை கொண்டது. அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம், குழந்தையின் குடலையும் மூளையைக் காக்கும் தடுப்பையும் கடக்க அதற்கு உதவுகிறது. ஆனாலும் அது தாயிடம் இருப்பதாலேயே குழந்தைக்கு நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். மருந்தே கொடுக்காவிட்டாலும், இக்கிருமி உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஓரிருவர்தான் முதல் வாரத்தில் நோயுறுகிறார்கள்; உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் அதுவும் வெகுவாகக் குறைகிறது.

அப்படியானால் வகை பிரிப்பது எதற்கு? முக்கியமாகத் தடுப்பூசிக்காக. கர்ப்பிணிக்குப் போட்டு, நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்பாற்றலைக் குழந்தைக்குச் சேர்க்கும் தடுப்பூசி ஆய்வில் இருக்கிறது; அதில் 1ஏ, 1பி, 2, 3, 4, 5 ஆகிய ஆறு வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். நம் பகுதித் தாய்மாரிடம் எந்த வகைகள் உள்ளன என்று தெரிந்தால்தான் அது நமக்கு எவ்வளவு பயன்படும் என்று கணிக்க முடியும். ஆகவே ஆய்வுக்காக உங்கள் மாதிரியைக் கேட்டால், விவரங்களைக் கேட்டறிந்து மனமுவந்து கொடுங்கள் என்பதே என் கருத்து.

உங்கள் கவலையை நேரத்தின் மேல் வையுங்கள். பிரசவத்துக்கு நான்கு மணி நேரமாவது முன்னதாக முதல் ஊசி போட்டிருப்பது நல்லது. நீங்கள் புதுச்சேரியில் பிரசவத்துக்குப் பதிந்திருந்தால், வலி கூடட்டும் என்று கடலூரிலேயே காத்திராமல், வலி தொடங்கியதும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் புறப்பட்டுவிடுங்கள். பரிசோதனை அறிக்கையைத் தாய் சேய் அட்டையோடு வைத்து, பிரசவ அறைக்குள் போகும்போதே செவிலியரிடம் காட்டுங்கள். இப்போதே மாத்திரை சாப்பிடுவதில் பயனில்லை; குடலில் தங்கியிருக்கும் கிருமி திரும்பவும் வந்துவிடும். இது சுத்தக் குறைவால் வந்ததும் அன்று. யாரும் உங்களைக் குறை சொல்ல இடமில்லை.

முதல் வாரத்துக்குப் பிறகு வரும் நோயை இந்த ஊசி தடுப்பதில்லை. எனவே மூன்று மாதம் வரை, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, முனகிக்கொண்டே மூச்சு விட்டாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டுத் துவண்டாலோ, அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே கிருமி இருக்கிறது. ஆனால் பென்சிலின் போட்டபோது முன்பு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியது. என்ன செய்வது?
- வாசகி, வில்லியனூர்

பதில்: கிருமியின் மரபணு உங்கள் சிகிச்சையில் நேரடியாக நுழைவது இங்கேதான். உங்களைப் போன்றோருக்குக் கிளிண்டாமைசின் தரலாம். ஆனால் அதை முறியடிக்கும் மரபணுவைச் சில கிருமிகள் பெற்றிருக்கின்றன. ஆய்வகத்தில் கிருமி பரப்பிய தட்டின் மேல் எரித்ரோமைசின் என்ற மற்றொரு மருந்தின் வில்லையையும் கிளிண்டாமைசின் வில்லையையும் அருகருகே வைப்பார்கள். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத இடம் முழு வட்டமாக இல்லாமல், எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் தட்டையாகிவிட்டால், அந்த மரபணு ஒளிந்திருக்கிறது என்று பொருள். அப்போது வான்கோமைசின் தருவார்கள். சோதனைச் சீட்டில் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருந்தால்தான் ஆய்வகத்தினர் இதைச் செய்ய வேண்டும் என்று அறிவார்கள். உங்கள் சீட்டில் அது விடுபட்டிருந்தால், வலி வரும் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லி இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.