நார்மண்டியில் அழும் பையன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்குப் பதினொரு வயது. பிரெஞ்சு பழகவென்று பள்ளிக்கூடத்தில் இருந்து ஐந்து நாளுக்குப் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பழைய மாளிகை ஒன்றில் தங்கல். போன் கொண்டுவரக் கூடாது என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, பழைய போன் ஒன்றைக் காலுறைக்குள் வைத்து அனுப்பினேன். இரண்டு இரவாக அழுதழுது கதைக்கிறான். “ஒருத்தரும் இங்கிலிஷ் கதைக்கினம் இல்லை, வெறும் பாணும் சீஸும்தான், மணி அடிச்சதையே திருப்பி அடிக்குது, விடியமுன்னம் சேவல் கத்துது” என்கிறான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டா? ஐந்து நாளில் ஒரு பாஷை வருமா? தமிழே ஒழுங்காக வரவில்லை, இதில் பிரெஞ்சு எதற்கு என்று இவர் வேறு கேட்கிறார்.

சு., ஹாரோ, லண்டன்

அன்புள்ள சு.,

“போகாதீர்கள்” என்று அன்றிரவே ஒரு வரி அனுப்பியிருந்தேன். இது வெளியாகும்போது பையன் வீட்டில் இருப்பான். ஆனாலும் எழுதுகிறேன். போன வாரம் பரணை ஒழித்தபோது, 1998 ஜூனில் நான் முதல்முறையாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நார்மண்டி போன பயணத்தின் கணக்கு நோட்டு கிடைத்தது. ரொட்டிக்கு இத்தனை பிராங்க், தபால்தலைக்கு இத்தனை பிராங்க் என்று என் கையெழுத்து. அன்றிலிருந்து மனம் அங்கேதான் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

உங்கள் கணவரின் கேள்வியை விடுங்கள். ஒரு மொழி இன்னொரு மொழியின் சோற்றைப் பிடுங்கித் தின்பதில்லை.

சேவலை ஒன்றும் செய்ய முடியாது. பிரான்சின் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கே போட்டார்கள். 2019இல் சேவல்தான் ஜெயித்தது. 2021 ஜனவரியில் கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் காப்பாற்றச் சட்டமும் வந்துவிட்டது. மணியும் அப்படித்தான். பல ஊர்களில் தேவாலயத்தில் மணி அடித்துவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி அடிப்பார்கள். வயலில் இருக்கிறவர் எண்ணத் தவறினால் இரண்டாவது தடவை எண்ணிக்கொள்ளலாம் என்பார்கள். உங்கள் மகனுக்கு அது சரியாகக் காதில் விழுந்திருக்கிறது பாருங்கள். அப்புறம் பாண். நீங்கள் சொல்லும் பாண் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது, பிரெஞ்சுக்காரர்கள் மூக்கால் முடிக்கிற ரொட்டிச் சொல்லும் அதே லத்தீன் வயிற்றில் பிறந்தது. பாதிச் சொல்லோடுதான் பையன் கப்பல் ஏறியிருக்கிறான். காலையில் பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில் சூடான சாக்லேட் கொடுப்பார்கள், வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் முக்கித் தின்ன வேண்டும். டீயில் பொறை நனைத்துத் தின்று வளர்ந்த எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஆனால் அந்தப் போன்! காலுறைக்குள் போன் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? போர்வைக்குள் ஒளிந்து அம்மாவோடு பேசுகிற பிள்ளை, பகலெல்லாம் காதில் சேர்த்ததை அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் படுக்கிறது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. அடைகாக்கிற கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் குஞ்சு பொரிக்குமா? முதல் நாள் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கூச்சல் போடுவார்கள். இரண்டாம் நாள் அடங்கிவிடுவார்கள். வீட்டு ஏக்கம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி அடங்கிக் கிடக்கும்போதுதான் பிள்ளை கேட்க ஆரம்பிக்கிறது.

1998இல் ஒரு பெண் இருந்தாள். போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறியதில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. விஸ்த்ரஹாம் துறைமுகத்தில் இறங்கும்போது என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டவள் விடவே இல்லை. இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். அதுவரை பிரான்ஸ் மண்ணை மிதித்தது கிடையாது. காரைக்காலிலும் புதுச்சேரியிலுமாகப் பதினோரு வருடம் படித்த பிரெஞ்சு. எந்த வினைச்சொல்லை எழுப்பிக் கேட்டாலும் எல்லாக் காலத்திலும் சொல்லுவேன்.

மூன்றாம் நாள் காலை எட்டுப் பிள்ளைகளோடு ஊர் ரொட்டிக்கடைக்குப் போனேன். “ழ வூத்ரே தோ பாகெத், சில் வூ ப்ளே.” இரண்டு நீள ரொட்டி வேண்டும், தயவுசெய்து என்று அர்த்தம். இலக்கணம் சுத்தம், மரியாதை சுத்தம். கடைக்கார அம்மாள் இடுப்பில் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, “போன்ழூர், மதாம்” என்றார். அவ்வளவுதான், ரொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. காது மந்தம் போலிருக்கிறது என்று நான் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மறுபடி “போன்ழூர், மதாம்.” எனக்கு முகம் சுட்டது. பின்னால் வரிசை. மூன்றாவது தடவை வாயைத் திறக்கும்போது கோட்டு நுனி இழுபட்டது. “மிஸ், நீங்க இன்னும் போன்ழூர் சொல்லல. சாப்பாட்டு ரூம்லயும் அந்தக்கா அப்படித்தான், சொன்னாத்தான் சூப் ஊத்துவாங்க.”

அந்தப் பெண்தான். இரண்டு நாள் ஊமையாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். சொன்னேன். ரொட்டி வந்தது.

இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள். பாடப்புத்தகம் போன்ழூரை ‘வணக்கம்’ என்று போட்டுவிட்டுக் கடந்துபோகிறது. நாம் யார் பெட்டிக்கடையில் போய் வணக்கம் சொல்கிறோம்? “அண்ணே, ரெண்டு பன்னு” என்போம். அந்த ‘அண்ணே’ இருக்கிறதே, அதுதான் போன்ழூர். அதை விழுங்கிவிட்டு “ரெண்டு பன்னு” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், காரைக்காலிலும் கடைக்காரர் ஒரு நிமிடம் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பன்னைத் தர மாட்டார் என்றில்லை, ஆனால் பார்ப்பார். கடைசியில் ஒட்டுகிற ‘ப்ளீஸ்’ அதை ஈடுகட்டாது. கடைக்காரரை முதலில் மனுஷராகக் கண்டுகொள்ள வேண்டும், பண்டம் அப்புறம். பதினோரு வருடத்தில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதற்கு ஒரு ரொட்டிக்கடையில் எட்டுப் பிள்ளைகள் முன்னால் அசடு வழிய வேண்டியிருந்தது.

ஐந்து நாளில் பாஷை வருமா என்று கேட்டீர்கள். வராது. யூரோ வந்த பிறகு ஒரு வருடம் நார்மண்டியின் பாயோ ஊர்ச் சந்தையில் ஒரு பையன் பீச் பழம் வாங்கினான். விலை 95 சென்ட். பிரெஞ்சில் அது ‘நான்கு இருபது பதினைந்து’, அதாவது நாலு இருபது எண்பது, அதோடு பதினைந்து. வகுப்பில் எண்களுக்கு முழு மார்க் வாங்கியவன், நாலு யூரோ எடுத்து வைத்தான், அப்புறம் இருபது சென்ட், அப்புறம் பதினைந்து. பழக்காரக் கிழவி நாலு யூரோவையும் ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவன் உள்ளங்கையை விரித்துச் சில்லறை பொறுக்கி 95ஐ எண்ணிக் காட்டினார். தொண்ணூறுக்கே நூறைக் கூப்பிடுகிற நாம் அவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அந்த எண்ணை மட்டும் அவன் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டான்.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் போன் வைத்தவர் மிக்சர் வைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். பையைப் பிரிக்கும்போது எத்தனை பாக்கெட் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், யார் யார் தின்றார்கள் என்று அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா