வருமானம் இரண்டு மடங்காக வேண்டும்: ஆசைக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி: மூன்று வருடமாகத் தனியாக கிராஃபிக் டிசைன் செய்துவருகிறேன். அடுத்த வருடம் வருமானம் இரண்டு மடங்காக வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இது பேராசையா?

பதில்: பேராசை இல்லை. ஆனால் மணிநேரமாகவும் வேலைகளின் எண்ணிக்கையாகவும் மாற்றிப் பார்த்தால்தான் அது எட்டக்கூடிய இலக்கா என்று தெரியும்.

வருடத்தில் எத்தனை மணிநேரம் உங்களிடம் விற்பனைக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 52 வாரத்தில் விடுப்பு, காய்ச்சல், வேலை வராத நாட்கள் என 6 வாரத்தைக் கழித்தால் 46. வாரம் 40 மணிநேரம் உழைத்தாலும் கொட்டேஷன் எழுத, க்ளையன்டிடம் பேச, இன்வாய்ஸ் அனுப்ப, நிலுவையைக் கேட்டு வாங்க, புதிதாகக் கற்க என்று பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். 22 மணிநேரம் மிஞ்சினால், 46 × 22 = 1,012. சுமார் 1,000 மணிநேரம்தான் உங்கள் கையிருப்பு. பலர் 52 × 40 = 2,080 என்று போட்டு ரேட் வைக்கிறார்கள். அந்த இடத்திலேயே ரேட் பாதியாகிவிடுகிறது.

அடுத்து, தேவையை எழுதுங்கள்: வீட்டுச் செலவு, சேமிப்பு, சாஃப்ட்வேர் சந்தா, இணையம். கணினியின் விலையையும் விடாதீர்கள். 4 வருடம் ஓடும் என்றால் விலையை 48-ஆல் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். மாதச் செலவை 12-ஆல் பெருக்கினால் வருடத் தேவை கிடைக்கும். அது எல்லாம் சேர்ந்து 80 என்றும், மொத்த வரவில் 20% வரிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 80-உடன் அதன் 20%-ஐக் கூட்டி 96 போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 96-இல் 20% போனால் கையில் 76.8 தான் நிற்கும். 80-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், விடை 100. இப்படி வரும் வருடத் தொகையை 1,000 மணிநேரத்தால் வகுத்தால் கிடைப்பது மணிக்கு உங்கள் அடிமட்ட ரேட். அதற்குக் கீழே எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள்தான் கைக்காசு போடுகிறீர்கள்.

இரண்டு மடங்குக்கு வருவோம். மணிநேரம் இரண்டு மடங்காகாது. ரேட்டை 40% ஏற்றி, வாரம் 22 மணிநேரத்தை 26 ஆக்கினால் வருமானம் சுமார் 1.65 மடங்கு. மீதிக்கு ஏற்கெனவே செய்த படைப்புகளுக்கான உரிமத் தொகை, மாதாமாதம் நிலையாக வரும் பராமரிப்பு வேலை போன்ற வழிகள் வேண்டும். அவை வேர்பிடிக்கக் காலம் பிடிக்கும். எனவே அடுத்த வருடத்துக்கு 1.65 மடங்கு, அதற்கடுத்த வருடத்துக்கு இரண்டு மடங்கு என்று எழுதுங்கள். நம்பிக்கையும் குறையாது, கணக்கும் உதைக்காது.

கேள்வி: ரேட்டை ஏற்றினால் இருக்கிற க்ளையன்ட்களும் போய்விடுவார்களோ என்று பயம்.

பதில்: 100 வீதம் 6 வேலைக்கு 600. 20% ஏற்றி, அதில் ஒருவர் போனாலும் 120 × 5 = 600. அதே வருமானம், ஒரு வேலைக்கான நேரம் மிச்சம். புதிதாக வருபவர்களிடம் முதலில் ஏற்றுங்கள். பழையவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். கடைசியாக அனுப்பிய 10 கொட்டேஷனில் ஒருவர்கூட விலை அதிகம் என்று சொல்லவில்லையா? ரேட் குறைவாக இருக்கிறது. ஒரே க்ளையன்டிடமிருந்து வருமானத்தில் 40%-க்கு மேல் வருகிறதென்றால் மட்டும் பொறுங்கள். இன்னொரு க்ளையன்டைப் பிடித்த பிறகு அந்தப் பெரிய க்ளையன்டிடம் பேசலாம்.

கேள்வி: வேலை நிறைய வருகிறது, சொன்ன தொகையும் கிடைக்கிறது. ஆனாலும் இலக்கை எட்ட முடியவில்லை. ஏன்?

பதில்: திருத்தங்களைப் பாருங்கள். 20 மணிநேரம் என்று கணக்கிட்டு 2,000 கேட்ட வேலை 32 மணிநேரம் இழுத்தால், மணிக்கு 100 என்பது 62.5 ஆகிவிடும். “சின்ன மாற்றம்தான்” என்று வருவதில்தான் இந்த 12 மணிநேரமும் கரைகிறது. கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: இரண்டு சுற்றுத் திருத்தம் இந்தத் தொகைக்குள் அடங்கும், கருத்துகள் ஒரே நபரிடமிருந்து ஒரே தொகுப்பாக வர வேண்டும், அதற்கு மேல் மணிநேரக் கட்டணம். அடுத்த மூன்று வேலைகளுக்கு நேரத்தைக் குறித்து வையுங்கள், எந்த மாதிரி வேலை உங்களைச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு மாதம் கொட்டுகிறது, அடுத்த மாதம் வறண்டுபோகிறது. மாத இலக்கு தவறும்போதெல்லாம் மனம் உடைகிறது.

பதில்: உடைய வேண்டாம். முதல் மாதம் செய்த வேலைக்கு இரண்டாம் மாதம் இன்வாய்ஸ், மூன்றாம் மாதம் பணம் என்று ஓடும் தொழிலுக்கு மாத இலக்கு பொருந்தாது. கடைசி 12 மாதச் சராசரியைப் பாருங்கள். வரவெல்லாம் ஒரு தனிக் கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் ஒரே தொகையைச் சம்பளமாக எடுங்கள். அந்தக் கணக்கில் மூன்று மாதச் செலவு நிற்கும் வரை சம்பளத்தை ஏற்றாதீர்கள். தொடங்கும்போது 40%, நடுவில் 30%, கோப்புகளைக் கொடுக்கும் முன் 30% என்று பணத்தைப் பிரித்து வாங்கினால் வறட்சியும் குறையும்.

மாதத்துக்கு ஓர் இலக்கு கட்டாயம் வேண்டுமென்றால் செயலில் வையுங்கள். வருடம் 24 வேலை தேவை, நான்கு கொட்டேஷனுக்கு ஒன்று கைகூடுகிறது என்றால் 96 கொட்டேஷன் அனுப்ப வேண்டும். 46 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் இரண்டுக்குச் சற்று மேல். பணம் வரும் நாள் உங்கள் கையில் இல்லை. இந்த இரண்டு கொட்டேஷன் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: வருடம் முடியப் போகிறது. இலக்கில் 70% தான் வந்திருக்கிறது. அடுத்த வருடத்துக்குக் குறைத்துக்கொள்ளவா?

பதில்: அவசரப்படாதீர்கள். விசாரித்து வந்தவர்கள் குறைவா, வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையா, ஒரு வேலைக்கான தொகை சிறியதா, செய்த வேலைக்குப் பணம் நிலுவையில் நிற்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவைப் புதுப்பித்து, பழைய க்ளையன்ட்களிடம் அறிமுகம் கேளுங்கள். இரண்டாவது என்றால் கொட்டேஷன் எழுதும் விதத்தை மாற்றுங்கள். மூன்றாவதற்கு ரேட்டைத் திருத்துங்கள். நான்காவது என்றால் இலக்கை ஏறக்குறைய எட்டிவிட்டீர்கள். நாளைக் காலையே நிலுவைப் பட்டியலை எடுத்து, பழைய தேதியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.