'இல்லை' என்ற பதிலுக்கு ஒரு வால்

கேள்வி: சொந்த மக்கள் மீது ராணுவத்தை ஏவக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதாமே? அப்புறம் ஏன் அங்கே இப்படிப் பதறுகிறார்கள்?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: இருக்கிறது, 1878-லிருந்தே. போலீஸ் பார்க்க வேண்டிய வேலைக்கு ராணுவத்தை இறக்காதே என்பது அதன் சாரம். ஆனால், 'வேறு சட்டம் அனுமதித்தால் ஒழிய' என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்துவிட்டார்கள். வாசலில் 1807-ம் வருடத்துக் கலகத் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கலகம் என்று அதிபருக்குப் பட்டால் படையை அனுப்பலாம். அது நல்லதுக்கும் பயன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957-ல் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் நுழையவிடாமல் தடுக்கப்பட்ட ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே அழைத்துப் போனவர்கள் அன்றைய அதிபர் ஐசனோவர் அனுப்பிய ராணுவத்தினர்தான்.

சரி, போலீஸ் வேலையை ராணுவம் பார்த்தால் என்ன ஆகிவிடும்? 1992 லாஸ் ஏஞ்சலீஸ் கலவரத்தைப் பாருங்கள். பக்கத்து ஊரான காம்ப்டனில் ஏதோ குடும்பச் சண்டை. போலீசாருடன் மரீன் என்கிற படைப்பிரிவின் வீரர்களும் போகிறார்கள். வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடிக்கிறது. "கவர் மீ!" என்று கத்துகிறார் ஒரு போலீஸ்காரர். போலீஸ் பாஷையில் அதற்கு, துப்பாக்கியை நீட்டித் தயாராக நில் என்று அர்த்தம். மரீன் பாஷையில், நான் நகர்கிறவரை சுட்டுக்கொண்டே இரு. இருநூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் அந்த வீட்டுக்குள் பாய்ந்தன. யார் மீதும் படவில்லை என்பது அந்த வீட்டில் இருந்தவர்கள் செய்த புண்ணியம்.

அங்கே தப்பு நடந்தது ஒரு வார்த்தையால். அதிபரின் அதிகாரமும் இப்படி ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. 2011-ல் அன்வர் அல்-அவ்லாகி என்ற அமெரிக்கக் குடிமகனை, அல்-காய்தா ஆள் என்று சொல்லி, ஏமனில் டிரோன் அனுப்பிக் கொன்றார்கள். கோர்ட் இல்லை, தீர்ப்பு இல்லை. இதையே உள்ளூரிலும் செய்வீர்களா என்று செனட்டர் ராண்ட் பால் 2013 மார்ச்சில் ஏறத்தாழ 13 மணி நேரம் சபையில் பேசித் தீர்த்தார். மறுநாளே அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரின் கடிதம் வந்தது. சண்டையில் ஈடுபடாத அமெரிக்கரை அமெரிக்க மண்ணில் ஆயுத டிரோனால் கொல்ல அதிபருக்கு அதிகாரம் உண்டா? 'இல்லை' என்றது கடிதம். ராண்ட் பால் திருப்தியாகிவிட்டார். எனக்கென்னவோ 'சண்டையில் ஈடுபடாத' என்கிற வால்தான் உறுத்துகிறது. ஈடுபட்டாரா இல்லையா என்று சொல்லப்போவது யார்? டிரோனை அனுப்புகிற அதே ஆள். நடப்பது கலகமா என்று தீர்மானிப்பவரும் அவரேதான்.

பிறகாவது அதிபரைப் பிடித்து உள்ளே தள்ளலாமே என்பீர்கள். 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த வழியையும் குறுக்கிவிட்டது. பதவியின் அடிப்படை அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்த காரியத்துக்கு அதிபர் மீது கிரிமினல் வழக்கே போட முடியாது, மற்ற அலுவல் காரியங்களுக்கும் லேசில் போட முடியாது என்பது தீர்ப்பு. அரசியல் எதிரியைக் கொல்லச் சொல்லிக் கமாண்டோக்களுக்கு உத்தரவிட்டாலும் தப்பிவிடுவாரே என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி சோனியா சோட்டோமயோர். வீண் பீதி என்றார்கள் பெரும்பான்மையினர்.

மிச்சம் இருப்பது துப்பாக்கி பிடித்திருக்கும் சிப்பாய். சட்டவிரோத உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கூடாது என்பது அவனுக்குப் பாடம். மீறிச் சுட்டால் மாட்டுவது அவன்தான். அதிபருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவனுக்குக் கிடையாது. ஆனால், அவனுக்கு மன்னிப்பு எழுதித் தருகிற பேனாவும் அதிபர் கையில்தான் இருக்கிறது.