கப்பலில் இருப்பவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்! இரவுக் கயாக் பயணம்: வாசகர் கேள்வி–பதில்

நகரத் துறைமுகத்தில் வழிகாட்டியோடு இரவில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டிச் செல்லும் பயணங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: நீச்சல் சுமாராகத்தான் வரும். கயாக்கில் ஏறியதே இல்லை. முதல் தடவையே இரவில் போகலாமா?

பதில்: தரும் கயாக் எந்த வகை என்பதைப் பொறுத்தது. புதியவர்களுக்குப் பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான கயாக்தான் தருவார்கள். உட்காரும் தளத்தில் ஓட்டைகள் இருக்கும். ஏறும் தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, கால் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. இதில் முதல் பயணத்தையே இரவில் வைத்துக்கொள்ளலாம்.

குழிக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டும் வகை என்றால் கதை வேறு. கவிழ்ந்த நிலையில் அந்த விரிப்பின் முன்புறப் பட்டையை இழுத்துக் கழற்றி வெளியே வரத் தெரிய வேண்டும். அதைப் பகலில் செய்து பழகாதவர் இரவில் அதில் ஏறக் கூடாது. பட்டை விரிப்புக்கு வெளியே தொங்குகிறதா என்று கிளம்பும் முன் தடவிப் பாருங்கள். உள்ளே மடங்கிக் கிடந்தால் தலைகீழாகத் தொங்கும்போது கைக்கு அகப்படாது.

நீச்சல் திறமையைவிட முக்கியமானது, முகம் நனைந்ததும் பதறாமல் இருப்பது. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஆழமான நீரில் ஐந்து நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள். அதில் மூச்சு வாங்கினால் முதலில் ஒரு பகல் பயணம் போய்விட்டு வாருங்கள். ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

பதில்: எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? முன்னால் ஒருவர், வால் பிடித்தபடி பின்னால் ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் இல்லாத இரவுப் பயணத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஒருவர் மட்டும் இருந்து, அவர் கவிழ்ந்தவரைத் தூக்கப் போனால் மற்றவர்களை யார் பார்ப்பது?

அடுத்தது ரேடியோ. கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோக் கருவி கையில் இருக்க வேண்டும். 16-ஆம் சேனல் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கானது. அதோடு அந்தத் துறைமுகம் கப்பல்களோடு பேசும் சேனலையும் வழிகாட்டி கேட்டுக்கொண்டே வர வேண்டும். எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பது அங்கேதான் தெரியும். கைபேசி இதற்கு ஈடாகாது. பக்கத்தில் வரும் இழுவைப் படகின் நம்பர் உங்களிடம் இருக்காது.

காற்று எவ்வளவு வீசினால் ரத்து செய்வார்கள், வழியில் கரையேற எத்தனை இடங்கள் உண்டு என்றும் கேளுங்கள். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) காற்றே போதும் போதும் என்றாகிவிடும். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: நகரமே ஜகஜோதியாக இருக்கிறது. துறைமுகத்தில் இருட்டே இல்லையே, இவ்வளவு பெரிய கப்பல் வருவது தெரியாமலா போகும்?

பதில்: போகும். இங்கே இருட்டைவிட வெளிச்சம்தான் தொல்லை. கப்பலின் விளக்குகள் கரையோரக் கட்டடங்களோடும் சாலை சிக்னல்களோடும் கலந்துவிடும். தூரத்துச் சிவப்புப் புள்ளி சிக்னலா, மிதவையா, கப்பலா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

விளக்கைத் தேடுவதைவிட விளக்கு மறைவதைக் கவனியுங்கள். எதிர்க்கரையில் நீர்மட்டத்தை ஒட்டிய விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, சற்றுப் பொறுத்து அதே வரிசையில் மறுபடி எரிந்தால், நடுவே ஏதோ ஒன்று நகர்கிறது. விளக்கில்லாமல் இழுக்கப்படும் பார்ஜை (சரக்கு ஏற்றும் தட்டையான பெரிய படகை) பல சமயம் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இனி விளக்குக் கணக்கு. கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, மேலே மாஸ்டில் (உயரமான கம்பத்தில்) வெள்ளை. சிவப்பு மட்டும் தெரிந்தால் உங்கள் பார்வையில் அது வலமிருந்து இடமாகப் போகிறது. பச்சை மட்டும் என்றால் இடமிருந்து வலம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. 50 மீட்டருக்குக் குறையாத கப்பலில் மாஸ்ட் விளக்கு இரண்டு இருக்கும், முன்னது தாழ்வாக, பின்னது உயரமாக. அவை ஒன்றன்மேல் ஒன்றாக நேரே நின்றால் கப்பலின் மூக்கு உங்கள் மீது. விலகத் தொடங்கினால் அது திரும்புகிறது.

நீங்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு விளக்கு அதே கோணத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன. துடுப்பை நிறுத்துங்கள், அதுவே பாதி வேலை.

இழுவைப் படகைத் தனியே அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். வேறொன்றைப் பின்னால் இழுத்துச் செல்லும்போது மாஸ்டில் இரண்டு வெள்ளை விளக்குகளை நெட்டாக ஏற்றியிருக்கும். இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்புறத்தில் வெள்ளைக்கு மேலே ஒரு மஞ்சள். படகு போய்விட்டது, பின்னால் இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று அந்த இடைவெளியில் நுழைவது உயிரை விடும் வேலை. நீருக்கடியில் தொய்ந்து கிடக்கும் இரும்புக் கயிறு எப்போது விறைக்கும் என்று தெரியாது; அதன் முனையில் பார்ஜ் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது கப்பலின் பக்கமிருந்து பாருங்கள். 55 மீட்டருக்குக் குறையாத, 1998 ஜூலை முதல் கட்டப்பட்ட கப்பல்களுக்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு. மேல்தளத்தில் நின்று ஓட்டுபவருக்கு, கப்பலின் முன்னால் மறைந்துபோகும் நீர்ப்பரப்பு கப்பல் நீளத்தின் இரு மடங்கு அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அதாவது பெரிய கப்பலுக்கு முன்னே அரை கிலோமீட்டர் வரை பார்வையில் படாமல் இருப்பது விதிப்படியே சரி! 200 மீட்டர் அகலக் கால்வாயை 3 நாட் வேகத்தில் நீங்கள் கடக்க 2 நிமிடம் 10 விநாடி ஆகும். அதற்குள் 10 நாட்டில் வரும் கப்பல் 650 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். கால்வாயைக் குறுக்கே கடக்கும்போது வழிகாட்டி எல்லோரையும் நெருக்கமாகச் சேர்த்து, செங்குத்தாக, ஒரே மூச்சில் கூட்டிப் போவது இதனால்தான். நடுவில் படம் எடுக்க நிற்பவரைத் திட்டுவதும் இதனால்தான்.

ஹாரனையும் கவனியுங்கள். குறுகிய ஒலி ஒன்று என்றால் வலப்பக்கம் திரும்புகிறது. இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறது. ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் “நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை” என்று பொருள். அந்த ஐந்து உங்களுக்காகவே இருக்கலாம்.

கேள்வி: கயாக்கில் என்ன விளக்கு இருக்க வேண்டும்? நல்ல பவர்ஃபுல் ஹெட்லைட் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். துடுப்பால் ஓடும் படகில், மோதலைத் தவிர்க்கும்படி உரிய நேரத்தில் காட்ட வெள்ளை டார்ச் ஒன்று தயாராக இருந்தால் போதும் என்கிறது சர்வதேச விதி. உள்ளூர் விதி கூடுதலாகக் கேட்கலாம். நடைமுறையில், எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கை உங்கள் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே கம்பத்தில் பொருத்துவார்கள். முன்னால் வைத்தால் அது உங்கள் கண்ணையே கூச வைக்கும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தடவை ஹெட்லைட்டைப் போட்டால், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து அது வீணாகும். மங்கலான சிவப்பு விளக்கு கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதை மடிப்பக்கம் மட்டும் காட்டுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைக் கப்பலின் இடப்பக்க விளக்கு என்று எடுத்துக்கொள்வார். மின்னி மின்னி எரியும் விளக்கு தண்ணீரில் விழுந்தவருக்கு மட்டும்.

கேள்வி: பௌர்ணமி அன்று போனால் அழகாகவும் பாதுகாப்பாகவும் இருக்குமா?

பதில்: அழகு சரி. பாதுகாப்பு என்று சொல்ல மாட்டோம். பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் ஒட்டித்தான் ஏற்றவற்றத்தின் வீச்சு அதிகம்; உச்சம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து வரும். நீர் அதிகமாக ஏறி இறங்கினால் துறைமுக வாயிலில் நீரோட்டமும் வேகமாக இருக்கும். ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய பாதி நீர் நகர்ந்துவிடும். நல்ல வழிகாட்டி அந்த இரண்டு மணியைத் தவிர்ப்பார், அல்லது தெம்பு இருக்கும்போதே ஓட்டத்தை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது ஓட்டம் தள்ளும்படி பயணத்தை அமைப்பார்.

ஓட்டம் இருக்கும் இடத்தில் மிதவை, நங்கூரமிட்ட படகு, மிதக்கும் மேடை எதற்கும் நீரோட்டம் வந்து மோதும் பக்கமாக நெருங்கிப் போகாதீர்கள். நீர் உங்களைக் குறுக்காக அதன் மேல் அழுத்திவிடும். அப்போது பயத்தில் அதைவிட்டு விலகிச் சாய்வதுதான் எல்லோரும் செய்வது. உடனே மறுபக்க விளிம்பில் நீர் ஏறிக் கயாக்கைப் புரட்டிவிடும். மோதிய பொருளின் பக்கமே சாய்ந்து, அதைக் கையால் பிடித்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து வாருங்கள்.

கேள்வி: கப்பல் கிளப்பும் அலை வந்தால் என்ன செய்வது?

பதில்: படகு போய்ச் சில நிமிடம் கழித்துத்தான் அலை வந்து சேரும். “போயிடுச்சு” என்று எல்லோரும் நிம்மதியாகத் துடுப்பை மடியில் வைக்கும் நேரம் பார்த்து வரும். தண்ணீரில் நீண்டு கிடக்கும் கரை விளக்குகளின் பிம்பம் ஒரு கோடாக உடைந்து, அந்தக் கோடு உங்களை நோக்கி நகர்ந்தால், அதுதான் அலை. கயாக்கின் முன்பக்கத்தை அதை நோக்கிச் சற்றே சாய்வாகத் திருப்பி, இடுப்பைத் தளர்த்தி, துடுப்புப் போட்டபடியே இருங்கள். துடுப்பு நீரில் இருக்கும் வரை அது ஊன்றுகோல். கயாக்கின் விளிம்பைக் கையால் பிடித்தால் கவிழ்வது எளிது.

செங்குத்தான கற்சுவர் ஓரம் இன்னும் மோசம். சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து ஒரே இடத்தில் எழுந்து எழுந்து விழும். சேரும் இடத்தில் உயரம் இரட்டிப்பாகலாம். சுவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போவது பத்திரம் என்று தோன்றும். சுவரில் ஏணியும் பிடிமானமும் இல்லாவிட்டால் அது கரையே அல்ல.

கேள்வி: இருட்டில் கவிழ்ந்துவிட்டால்?

பதில்: ஒரு கை கயாக்கில், ஒரு கை துடுப்பில். ஜாக்கெட் விளக்கைப் போட்டு, விசிலை ஊதுங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கூடாது. இரவில் நீர்மட்டத்துத் தலை யார் கண்ணிலும் படாது, கவிழ்ந்த கயாக்காவது படும். நீர் குளிராக, 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் இஷ்டத்துக்கு அடிக்கும். அது அடங்கும் வரை பிடித்துக்கொண்டு மிதப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள்.

பிறகு வழிகாட்டி கயாக்கை நிமிர்த்தி, மறுபக்கம் தன் படகைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பார். கால்களைப் பின்னால் மேலே கொண்டுவந்து உதைத்தபடி, வயிறு தளத்தில் படும்படி குறுக்கே ஏறுங்கள். பிறகு மெல்லப் புரண்டு உட்காருங்கள், கால்கள் கடைசியில். பெரும்பாலோர் முதலில் முழங்காலைத் தூக்கி வைத்து, மறுபடி கவிழ்வார்கள்.

மற்றவர்களுக்கும் வேலை உண்டு: சுற்றிக் கூடாமல், பக்கத்துக் கயாக்கைப் பிடித்து ஒட்டி நின்று, தங்களுக்குக் கொடுத்த எண்ணை வரிசையாகச் சொல்லுங்கள். ஓர் எண் விட்டுப்போனால் உடனே தெரியும்.

கேள்வி: அரை மணியிலேயே கை வலிக்கிறது என்கிறார்களே?

பதில்: கையால் இழுப்பதால் வலிக்கிறது. துடுப்பைத் தலைமேல் வைத்தால் முழங்கை செங்கோணத்தில் இருக்க வேண்டும், அதுதான் பிடிக்கும் அகலம். கால் மிதியில் பாதம் பதிந்து முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். துடுப்பைப் பாதத்தருகே முழுதாக இறக்கி, உடம்பைத் திருப்பி இழுங்கள். இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் முன்கை மரத்துப்போகும்.

கேள்வி: என்ன உடுத்துவது?

பதில்: நீரின் குளிருக்கு ஏற்ப, காற்றின் சூட்டுக்கு அல்ல. பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: துறைமுக நீர் அழுக்கு என்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது வருமா?

பதில்: கனமழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் போகாமல் இருப்பது நல்லது, தெருக் கழிவெல்லாம் வடிகால் வழியே அங்கேதான் வரும். ஆறு வந்து கலக்கும் நன்னீர்ப் பகுதியில் எலிக் காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். கையில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், துடுப்பிலிருந்து வழியும் நீர் நேராக அங்கேதான் போகும். கரையேறியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், அதற்கு முன் எதையும் சாப்பிடாதீர்கள். பயணத்துக்குப் பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எந்தத் தேதியில் எந்த நீரில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராக அதைக் கேட்பது அரிது.