காசு சுண்டாமல் எழுதிய நூறு

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். காசைச் சுண்டுவதாக மனத்தில் நினைத்துக்கொண்டு, 'பூ', 'தலை' என்று நூறு முறை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி சரியாக 50 பூவும் 50 தலையும் எழுதியிருந்தாள். எதுவும் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வரவில்லை. அதுவே மிகத் தற்செயலானது என்று பாராட்டினேன். சரிதானா? அவளுடைய தாளை இணைத்துள்ளேன். இதை அளக்க முடியுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். நிச்சயம் அளக்கலாம், ஆனால் பூவும் தலையும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் போதாது. ஒன்றை அடுத்து என்ன வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் பூவிலிருந்து தலைக்கோ தலையிலிருந்து பூவுக்கோ மாறும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட்டு எண்ணினேன். 99 இடங்களில் 64 முறை மாறியிருக்கிறது. உண்மையான காசுக்கு இந்த எண்ணிக்கை ஐம்பதை ஒட்டி, பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில் அமையும். மேலும், நூறு முறை சுண்டும்போது எங்கேனும் ஒரே பக்கம் ஐந்து முறையாவது தொடர்ந்து விழுவதற்கு 97 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நேற்றிரவு ஆயர் ஈத்தாமில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 20 சென் காசைச் சுண்டிக் குறித்துக்கொண்டே வந்தபோது, எழுபதைத் தாண்டியதும் ஏழு பூக்கள் அடுத்தடுத்து விழுந்தன. யோசித்து எழுதியிருந்தால், நான்காவது பூவிலேயே என் கை தயங்கியிருக்கும்.

நாம் அளப்பது அந்தத் தயக்கத்தைத்தான். முன்பு விழுந்தது காசுக்கு நினைவில்லை. நமக்கோ நினைவிருக்கிறது, அதனால் 'தலை வந்து வெகுநேரமாயிற்றே' என்று ஈடுகட்டப் பார்க்கிறோம். உளவியலாளர் ஆலன் பேட்லி 1966இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில எழுத்துகளை ஒழுங்கின்றிச் சொல்லும்படி கேட்கப்பட்டவர்கள், வேகம் கூடக் கூட, பழகிய அகரவரிசைக்கே திரும்பினார்கள். ஆகவே உங்கள் வகுப்பில் ஒருமுறை நிதானமாகவும் ஒருமுறை விரைவாகவும் எழுத வைத்து, இரண்டையும் ஒப்பிடுவது பயனுள்ளதாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: பக்கமாற்றத்தை மட்டும் எண்ணினாலும் ஏமாந்துவிடுவோம். 'பூ பூ தலை தலை' என்பதையே 25 முறை எழுதினால், 50க்கு 50 என்ற சமமும் கிடைக்கும், 49 மாற்றங்களும் கிடைக்கும். ஆனால் அடுத்தது என்னவென்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். மும்மூன்றாகப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: வரக்கூடிய எட்டு வகைகளில் நான்கு மட்டுமே அதில் இருக்கும்.

அந்த மாணவியைப் பாராட்டியதைத் திரும்பப் பெற வேண்டாம். நீண்ட தூரத்தில் இரு பக்கங்களும் ஏறக்குறையச் சமமாகும் என்பதை அவள் அறிந்திருக்கிறாள். அவள் கையில் ஒரு காசைக் கொடுத்து நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, மும்மூன்றாக அவளே எண்ணட்டும்.