ஷன்ட் வைத்த குழந்தை: முதலில் சேமிப்பா, தெரபியா?

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு மாதம். தலையில் நீர் கோத்திருப்பதாகக் கண்டறிந்து, மூன்றாம் மாதத்தில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) வைத்தார்கள். இன்னும் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு முறைக்கு 600 ரூபாய். ஓசூரில் தனியார் நிறுவன வேலை, சம்பளம் 46,000. செலவு போக 9,000 மிஞ்சும். வைப்புத்தொகையாக 1,40,000 இருக்கிறது. முகவராக உள்ள சித்தப்பா, குழந்தை பெயரில் மாதம் 5,000 ரூபாய்க்குப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். செல்வமகள் திட்டமும் மனதில் உள்ளது. எதை முதலில் செய்வது?

பதில்: தெரபியைத்தான். செல்வமகள் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது நிறையும்வரை தொடங்கலாம். ஆனால் மூளை மிக வேகமாக வளரும் இந்த முதல் சில ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. நீர்க்கோர்ப்புள்ள குழந்தைகளுக்குத் தலையின் கனத்தால் கழுத்து நிற்பதும் உட்காருவதும் தாமதமாகலாம், பார்வையிலும் கை ஒருங்கிணைப்பிலும் பின்னடைவு இருக்கலாம் என்பதால், பயிற்சியைத் தள்ளிப்போட்டுச் சேமிப்பதில் லாபமில்லை. நோயின் காரணத்தைப் பொறுத்து அவள் எவ்வளவு முன்னேறுவாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மாதம் 7,800 ரூபாயை முழுவதும் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் இந்தப் பயிற்சிகள் இலவசம். அங்கே பதிந்துகொண்டு, மருத்துவர் சம்மதித்தால் தனியாரிடம் வாரம் ஒருமுறை மட்டும் சென்று, மார்புக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குப்புறப் படுக்கவிட்டு எதிரே கிலுகிலுப்பையை ஆட்டுவது போன்ற பயிற்சிகளை வீட்டில் நீங்களும் மனைவியும் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். செலவு 2,600 ரூபாயளவில் நிற்கும்.

அடுத்தது அவசர நிதி. ஷன்ட் அடைத்துக்கொள்வதோ தொற்று ஏற்படுவதோ முதல் ஓரிரு ஆண்டுகளில் அதிகம்; விடாத வாந்தி, அளவுமீறிய தூக்கம், உச்சிக்குழி புடைப்பு தெரிந்தால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே அந்த 1,40,000 ரூபாயை, தேவைப்பட்ட நொடியில் எடுக்கும்படி சேமிப்புக் கணக்குடன் இணைந்த வைப்பாக மாற்றுங்கள். பதினெட்டு வயதுவரை கைவைக்கக் கடினமான செல்வமகள் பணம் அந்த இரவுக்கு உதவாது.

அலுவலகக் குழு மருத்துவக் காப்பீட்டில் மகளின் பெயர் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்ச் செலவைத் தராத தொடக்கக் காலம்) உண்டா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை போனால் அந்தக் காப்பீடும் போகும் என்பதால் அவளுக்குத் தனி மருத்துவக் காப்பீட்டுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். கிடைத்தால், அதிகபட்சம் மூன்றாண்டுக் காத்திருப்பு இன்றே ஓடத் தொடங்கும். நோயை மறைக்காதீர்கள், மறைத்த பாலிசி உரிய வேளையில் கைகொடுக்காது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

வரிச் சலுகைக்காக ஊனச் சான்றிதழ் வாங்கச் சிலர் சொல்வார்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான 75,000 ரூபாய் வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. வேறு உதவிகளுக்குச் சான்றிதழ் தேவையா என்பதை மருத்துவர் மதிப்பீட்டுக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

சித்தப்பா சொல்லும் குழந்தை பாலிசி வேண்டாம். இந்த வீட்டில் காப்பீடு செய்யப்பட வேண்டியது அவளைத் தூக்கிச் சுமக்கும் உங்கள் வருமானம்தான். உங்கள் பெயரில் ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள்; மீதியை அவசர நிதியில் சேருங்கள். சித்தப்பா மனம் நோகக் கூடாதென்றால், அந்த டெர்ம் பாலிசியை அவரிடமே எடுக்கலாம்.