மகன் மிலிட்டரிக்குப் போகிறேன் என்கிறான்: கடலூர் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அக்னிவீர், அதாவது ராணுவத்தில் நான்கு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற சிப்பாய் வேலை, நல்ல வேலையா என்பது ஒன்று. "வீட்டில் என்ன குறை வைத்தோம், சாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கணும் என்று ஒரு பிள்ளைக்கு ஏன் தோணுது" என்பது இன்னொன்று. பெரும்பாலான பெற்றோர் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்பார்கள். நான் இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எதற்காகப் போக நினைக்கிறான் என்று தெரிந்தால்தான் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.

விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே காரணத்துக்காக ஓடுவதில்லை. ஒருவனுக்குச் சம்பளம். ஒருவனுக்கு சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகாமல் தப்பிக்க வேண்டும். ஒருவனுக்கு அப்பா முகத்தைப் பார்க்காத தூரத்துக்குப் போனால் போதும், இப்படியும் நிறைய பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். இன்னொரு வகை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து புதுச்சேரி வெள்ளக்காடானபோது, மறுநாள் கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் இறங்கி ஆட்களை மீட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு "நானும் அப்படி ஆகணும்" என்று சொல்கிற பையன் மனதில் துப்பாக்கியே இல்லை.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. பக்கத்துப் புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைக் கைவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா (இன்றைய வியட்நாம் பக்கம்) வரை போனார்கள், திரும்பி வந்து பென்ஷன் வாங்கினார்கள், ஊர் அவர்களை சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) என்று கூப்பிட்டது. அவர்கள் பிரான்ஸ் மேல் உருகித்தான் போனார்கள் என்று நான் நம்பவில்லை. ஊருக்குள் கிடைக்காத ஒரு நிமிர்வு அந்தச் சட்டையைப் போட்டால் கிடைத்தது, கடைசிவரை சோற்றுக்கும் கவலை இல்லை. ஆனால் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே 1938இல் திறந்த நினைவிடம் முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காக எழுப்பியது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள், யாரையும் சட்டம் போட்டு இழுத்துப் போகவில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் வீட்டுக்கு மணியார்டரும் பலருக்குப் போதுமான காரணமாக இருந்தன. அதே போரில், மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அங்கே பெரிய சம்பளம் எதுவும் காத்திருக்கவில்லை. தோட்டத்துத் துரை முன்னால் கை கட்டி நின்றே பழகியவனுக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் கிடைத்தது. ஒரே போர், இரண்டு பக்கமும் தமிழன், காரணம் மட்டும் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படையில் சேர்கிற காரணமும் போரில் நின்று சண்டை போடுகிற காரணமும் ஒன்றல்ல. அந்த இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டவுஃபர் என்ற சமூகவியலாளர் தலைமையில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களிடமே கேட்டுப் பார்த்தது: எது உங்களைத் தொடர்ந்து சண்டை போட வைக்கிறது என்று. சீக்கிரம் இதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகணும் என்பதுதான் அதிகம் வந்த பதில். கூட இருக்கிறவனைக் கைவிட முடியாது என்பதும் கணிசமாக வந்தது. எதிரி மேல் வெறுப்பு, பெரிய லட்சியம் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் உங்கள் பையன் போனில் பின்னணி இசையோடு பார்க்கிற அந்த வீடியோக்களைக் கண்டு நீங்கள் பயப்படவும் வேண்டாம், அவன் அதை நம்பிப் போகவும் வேண்டாம்.

அவனிடம் "ஏன்டா" என்று நேராகக் கேட்காதீர்கள், "நாட்டுக்காக" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அது பொய் என்று சொல்லவில்லை, பாதி பதில். இப்படிக் கேளுங்கள்: இதே சம்பளத்துக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தால் போவாயா? துப்பாக்கி கிடையாது, ஸ்டோரில் கணக்கு எழுதணும் என்றால் அப்போதும் போவாயா? நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்கு அவன் முகம் மாறினால் உட்கார வைத்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏனென்றால் உங்கள் தெருவில் பென்ஷனும் கேண்டீன் கார்டுமாக இருக்கிற பழைய மிலிட்டரிக்காரரைப் பார்த்து அவன் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு 2022 ஜூனில் அக்னிவீர்களை எடுக்கிற அக்னிபத் திட்டம் வந்ததோடு மாறிவிட்டது. பயிற்சியையும் சேர்த்து மொத்தம் நான்கு வருஷம். மாதச் சம்பளம் முதல் வருஷம் 30,000, நான்காவது வருஷம் 40,000, அதில் 30 சதவீதம் பிடித்து வைப்பார்கள், அரசும் அதே அளவு போடும். முடிந்து வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும் என்பது அறிவித்த கணக்கு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. ஒரு பேட்சில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பது திட்டத்தின் அடிப்படை. நடுவில் பிடிக்கவில்லை என்று கிளம்பி வரவும் முடியாது, ரொம்ப அபூர்வமான காரணம் இருந்தால்தான் விடுவார்கள். அந்த நான்கு வருஷம் கல்யாணமும் கூடாது, அது உங்களுக்கு இப்போது கவலை இல்லை, சரி.

சம்பளத்துக்காக மட்டும் என்றால், நான் இதை முதல் சாய்ஸாகச் சொல்ல மாட்டேன். 22 வயதில் டிகிரியும் இல்லாமல் கையில் 11 லட்சத்தோடு வந்து நிற்கிற பையனுக்கு, அந்தப் பணத்தை எப்படிக் கரைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஊரில் நிறைய பேர் இருப்பார்கள். அங்கே இருக்கும்போதே தொலைதூரக் கல்வியில் படிப்பேன் என்று உறுதியாகச் சொன்னால் வேறு விஷயம்.

காக்கியும் மரியாதையும்தான் வேண்டும் என்றால், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் காவலர், தீயணைப்பு இரண்டும் இருக்கின்றன. வெள்ளத்தில் ஆட்களை மீட்கணும் என்று சொல்கிற பையனுக்கு தீயணைப்புத் துறையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் உண்டு, அரக்கோணத்தில் ஒரு பட்டாலியன் இருக்கிறது, ஆனால் அதற்கு நேரடி வழி கிடையாது, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். மாதிரி மத்தியப் படைகளில் சேர்ந்து அங்கிருந்துதான் போகணும். அந்தப் படைகளின் காவலர் தேர்வை இப்போது தமிழிலேயே எழுதலாம், அக்னிவீராக இருந்து வந்தவர்களுக்கு அங்கே இட ஒதுக்கீடும் அறிவித்திருக்கிறார்கள்.

படைதான் வாழ்க்கை, மற்றதெல்லாம் இரண்டாவது என்று நிற்கிறானா? அப்படியானால் அக்னிவீரோடு, அதிகாரியாகச் சேருவதற்கான என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வையும் எழுதட்டும். வருஷத்துக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, பிளஸ் டூ போதும், பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வரை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், கணக்குத் தாள் கடினம், அப்புறம் ஐந்து நாள் நேர்காணல். தவறினாலும் டிகிரி முடித்து சி.டி.எஸ். என்கிற அதிகாரிகள் தேர்வை எழுதலாம், சென்னை பரங்கிமலையிலேயே பயிற்சி அகாடமி இருக்கிறது. நம் பக்கத்துப் பையன்கள் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே டிகிரி முடித்த பிறகுதான், எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

உயிர் பயம் பற்றிக் கேட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. 2020இல் லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த ஹவில்தார் பழனி ராமநாதபுரத்துக்காரர். பணியில் இருக்கும்போது அக்னிவீர் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, பணி காரணமாக என்றால் மேலும் 44 லட்சம். இந்தத் தொகைகளைப் படிக்கும்போதே உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் இதை நீங்களும் அவனும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்பவன் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறான்.

அவனுக்கு 18 ஆக இன்னும் மூன்று மாதம் என்றீர்கள். அதுவரை உங்கள் வீட்டுக் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அதை வைத்து மிரட்டாதீர்கள், மூன்று மாதம் காத்திருந்து சொல்லாமல் போய்விடுவான். அந்த மூன்று மாதத்தில் கண், காது, பல், பாதம் எல்லாவற்றையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ஓட்டத்தில் முதலாவதாக வந்து மெடிக்கலில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்கையின் உள்பக்கத்தையும் புறங்கையையும் தவிர வேறெங்கும் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வுக்கு அவன் கட்ட வேண்டியது 250 ரூபாய். அதற்கு மேல் "ஆள்சேர்ப்பு ரேலியில் நம்ம ஆள் இருக்கார்" என்று சொல்லி யாராவது லட்சம் கேட்டால், அந்த நம்பரை எனக்கும் அனுப்புங்கள்.